புனைபெயரில் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் செல்லுமா?

நெய்தல்:
வணக்கம். பல ஆண்டுகளாகப் புனைபெயரில்தான் எழுதி வருகிறேன். வீட்டுக்குள் பெண்கள் அனுபவிக்கும் வன்முறையைப் பற்றிய கட்டுரைகள் அவை. என் சொந்தப் பெயர் வெளியே வந்தால் எனக்கு மட்டுமன்றி, நம்பி மனம் திறந்த பெண்களுக்கும் ஆபத்து. இப்போது அந்தக் கட்டுரைகளை நூலாக்க ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. ஒப்பந்தப் படிவமும் கைக்கு வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'நூலாசிரியர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் என் புனைபெயரை எழுதலாமா?

"அது போலிக் கையெழுத்து, ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்" என்கிறார் ஒரு தோழி. "எந்தப் பெயரில் போட்டாலும் செல்லும், பேசாமல் போடு" என்கிறார் இன்னொருவர். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது தெரியும். பொதுவான நிலை என்ன என்று விளங்கிக்கொண்டு, அதன் பிறகு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கார்முகில்:
இரண்டு தோழிகளும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒன்று. குற்றமாகுமா என்பது மற்றொன்று. முதலில் ஒப்பந்தத்தைப் பார்க்கலாம்.

'இந்த எழுத்துக்கு நான் கட்டுப்படுகிறேன்' என்ற எண்ணத்தோடு ஒருவர் இடும் அடையாளமே கையொப்பம். அது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தச் சட்டங்கள் கேட்பதில்லை. எழுதத் தெரியாதவரின் கைநாட்டு செல்கிறதல்லவா? மாற்றுச்சீட்டு என்பது, இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுத்தில் இடும் வணிக ஆணை. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதை நேராகவே சொல்லிவிடுகிறது. வணிகப் பெயரிலோ தாமே சூட்டிக்கொண்ட பெயரிலோ ஒருவர் மாற்றுச்சீட்டில் கையெழுத்திட்டால், சொந்தப் பெயரில் இட்டதைப் போலவே அவர் பொறுப்பாவார். அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 3-401ஆவது பிரிவும் அப்படித்தான். எந்தப் பெயரும், ஒரு சொல்லும், ஒரு குறியும்கூட அங்கே கையொப்பமாகலாம். ஆவணத்தை உறுதிப்படுத்தும் எண்ணம் இருந்தால் போதும்.

உயில் போன்ற கடுமையான ஆவணத்திலேயே நீதிமன்றங்கள் இறங்கி வந்திருக்கின்றன. ஒரு தாய் தன் உயிலின் முடிவில் பெயரை எழுதாமல் 'உங்கள் அன்புள்ள அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தார். 1960இல் ஆங்கில நீதிமன்றம் அதைக் கையொப்பமாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சொற்கள் தன்னைக் குறிக்கவேண்டும் என்றுதான் அவர் எழுதினார், அதோடு உயிலை முடித்தார் என்பதே நீதிமன்றத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே உங்கள் புனைபெயர் உங்களைக் கட்டுப்படுத்தும். 'அது நானில்லை, வெறும் கற்பனைப் பெயர்' என்று பின்னாளில் நீங்கள் நழுவ முடியாது. அதே போல் பதிப்பகமும் அந்தக் காரணத்தைச் சொல்லி நழுவ முடியாது.

பழையகோப்பு:
கார்முகில் அவர்கள் சொன்னது புத்தகச் சட்டம். நான் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்தவன். நெய்தல் அம்மா, ஒரு பத்திரம் நீதிமன்றத்தில் செல்லும் என்பதும், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அதை வாங்கிக்கொள்வார் என்பதும் ஒன்றல்ல. நோட்டரி முன்னால் நீங்கள் இடும் கையெழுத்து, அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவேண்டும். 'இன்னார்தான் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று சான்று சொல்வதற்குத்தான் நோட்டரியே இருக்கிறார். அங்கே புனைபெயரை நீட்டினால் அந்தச் சான்றுக்கே பொருள் இல்லை.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்துக்கு 2002இல் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கு வந்தது. நோட்டரி எழுதிய ஆவணத்தில் ஒருவர் தன் முதற்பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். குடும்பப் பெயர் இல்லை. அந்தக் கையொப்பம் போதாது என்று தீர்ப்பானது. பொய்ப்பெயர்கூட இல்லை பாருங்கள், சொந்தப் பெயரின் ஒரு பாதி. அதற்கே அந்தக் கதி.

அல்லி:
அதே ஜெர்மனியில், சொந்தக் கையால் எழுதிய உயிலுக்கு விதி தளர்வானது, ஐயா. அவர்களுடைய உரிமையியல் சட்டத் தொகுப்பின் 2247ஆவது பிரிவு முதற்பெயரும் குடும்பப் பெயரும் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, வேறு விதமாகக் கையெழுத்திட்டிருந்தாலும், எழுதியவர் யார், மனதார எழுதினாரா என்பது விளங்கினால் உயில் செல்லும் என்கிறது. சட்டம் எதற்காகக் கையொப்பத்தைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துக் கண்டிப்பும் கூடிக் குறைகிறது.

கலைஞர்களுக்காக அந்த நாட்டு அடையாள அட்டையிலேயே தனி இடம் உண்டு. துறவறப் பெயரையும் கலைப்பெயரையும் அதில் பதியலாம். 2007இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், 2010இல் திரும்பக் கொடுத்தார்கள். அப்படிப் பதிந்து வைத்தவருக்குப் புனைபெயரையும் ஆளையும் இணைக்கும் சான்று சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நெய்தல்:
கார்முகில் ஐயா, குற்றம் என்ற பகுதிக்கு இன்னும் நீங்கள் வரவில்லை. எனக்குப் பயமே அங்கேதான்.

கார்முகில்:
வருகிறேன் அம்மா. இதை அவசரமாகச் சொன்னால் தவறாகப் புரியும்.

எந்தப் பெயர் என்பதைவிட, அந்தப் பெயரைக் கொண்டு யாரை, எதை நம்ப வைக்கப் பார்த்தீர்கள் என்பதே சட்டத்துக்கு முக்கியம். 1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 464ஆவது பிரிவு இதற்கு நல்ல பாடம். இன்று அந்த விதிகள் பாரதிய நியாய சம்ஹிதையின் 335ஆவது பிரிவில் இருக்கின்றன. அதில் இரண்டு விளக்கங்கள் அடுத்தடுத்து வரும். ஒருவர் தம் சொந்தப் பெயரில் இடும் கையெழுத்தும் போலி ஆவணமாகலாம் என்கிறது முதல் விளக்கம். அதே பெயருள்ள வேறொருவர் எழுதியது என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு கையெழுத்திடுபவரை அது பிடிக்கிறது. இல்லாத ஒரு மனிதரின் பெயரில் ஆவணம் எழுதி, உண்மையில் இருக்கும் ஒருவர் எழுதியதாக நம்ப வைக்க முனைந்தால் அதுவும் போலியாகலாம் என்கிறது இரண்டாவது. இரண்டிலும் மோசடி எண்ணம் வேண்டும்.

ஆள்மாறாட்ட மோசடிக்கும் அப்படித்தான். நடிக்கப்படும் ஆள் நிஜமாக இருக்கிறாரா, கற்பனையா என்பது அங்கே பொருட்டில்லை. எதிரே இருப்பவரை ஏமாற்றினீர்களா என்பதுதான் கேள்வி.

ஆங்கில வழக்குகள் இரண்டை அருகருகே வைத்தால் கோடு துலங்கும். 1878இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்த்த வழக்கில் பிளென்கார்ன் என்று ஓர் ஆள் வருகிறார். அதே தெருவில் 'பிளென்கிரன்' என்ற நல்ல பெயருள்ள நிறுவனம் இருந்தது. அந்தப் பெயராகவே படிக்கும்படி தன் கையெழுத்தை இழுத்துப் போட்டு, கைக்குட்டைகள் 250 டஜன் தருவித்துக்கொண்டு, காசு கொடுக்காமல் விற்றுவிட்டார். சரக்கு அனுப்பியவர்கள் பிளென்கிரன் நிறுவனத்தோடுதான் பேரம் பேசினார்கள், பிளென்கார்ன் என்ற ஆளை அவர்கள் மனதில்கூட நினைக்கவில்லை, ஆகவே ஒப்பந்தமே பிறக்கவில்லை என்று தீர்ப்பு.

1897இல் வாலிஸ் என்றொருவர். 'ஹாலம் அண்ட் கோ' என்று இல்லாத ஒரு நிறுவனத்தைத் தாமே படைத்தார். கடிதத் தாளின் தலைப்பில் புகைபோக்கிகளோடு ஒரு பெரிய தொழிற்சாலைப் படம், பெல்பாஸ்ட், லில், கென்ட் நகரங்களில் கிடங்குகள் இருப்பதாக ஒரு வரி. பித்தளைக் கம்பி தருவித்து, இவரும் காசு கொடுக்காமல் விற்றார். ஆனால் இங்கே ஒப்பந்தம் பிறந்தது என்றது நீதிமன்றம். ஹாலம் என்று வேறு ஒருவர் உலகில் இல்லை. கடிதத்தை எழுதிய ஆளோடுதான் விற்றவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மோசடி நடந்ததால் அதை அவர்கள் ரத்துசெய்யலாம், ஆனால் ரத்தாகும் வரை அது செல்லும்.

நெய்தல் அம்மா, உங்கள் புனைபெயர் ஹாலம் வகையைச் சேர்ந்தது. அதோடு, வாலிஸிடம் இருந்த வஞ்சம் உங்களிடம் இல்லை. அந்தப் பெயரில் எழுதிய ஆளோடுதான் பதிப்பகம் ஒப்பந்தம் செய்ய விரும்புகிறது. அந்த ஆள் நீங்கள்தான். இன்னொரு எழுத்தாளரின் பெயரை எடுத்துப் போட்டிருந்தால் நான் சொல்லும் பதில் வேறாக இருந்திருக்கும்.

தூரிகை:
தோழி, நான் ஓவியம் வரைகிறவள். ஒப்பந்தம் செல்லும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதை நிரூபிக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஓவியங்களை விற்றுத் தரும் ஓர் அமைப்போடு கலைப்பெயரில் மட்டும் கையெழுத்திட்டேன். சொந்தப் பெயர் அந்தத் தாள்களில் எங்கும் இல்லை. ஓவியங்கள் விற்றன. பணம் கேட்டபோது, 'இந்தப் பெயருக்குரியவர் நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று திருப்பிக் கேட்டார்கள். அதுவரை என்னோடு தினமும் பேசியவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியில் இருந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்தேன். அரைகுறையாக வரைந்த நிலையில் எடுத்த புகைப்படங்கள், சட்டகம் செய்தவர் கொடுத்த ரசீது, ஒவ்வொரு ஓவியத்தின் மூலையிலும் நான் இடும் கையொப்பம் எல்லாவற்றையும் சேர்த்தேன். கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்து முதல் எழுத்தின்மேல் கொண்டுபோய் முடிப்பது என் வழக்கம். ஒப்பந்தத் தாளிலும் அதே சுழி. அதை அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் அவர்களின் வழக்கறிஞர் இறங்கி வந்தார். பணம் வந்தது, ஆனால் வெகுநாள் இழுத்தடித்துத்தான் வந்தது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கும். நிரூபிக்கும் சுமையும் உங்கள் தோளில்தான் இருக்கும்.

பழையகோப்பு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பிள்ளை நன்றாகச் சொல்லிவிட்டது.

இருமம்:
புனைபெயரை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு உலகறிந்த சான்று பிட்காயின். சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் அதன் அடிப்படைக் கட்டுரை வந்தது. அந்தப் பெயருக்குரியவர் தாமே என்று கிரெய்க் ரைட் என்பவர் உரிமை கோரினார். அவர் சடோஷி அல்லர் என்று 2024 மார்ச்சில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் காட்டிய ஆவணங்கள் பல போலியானவை என்றும் கண்டது. சடோஷி தொடக்கத்தில் பயன்படுத்திய ரகசிய மின்னணுச் சாவி ஒன்றைக் கொண்டு ஒரு செய்தியில் மின்னொப்பம் இட்டிருந்தால் அது மிக வலுவான சான்றாக இருந்திருக்கும்.

இதில் நெய்தல் அவர்களுக்குப் பயன்படும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு மின்னணு அடையாள ஒழுங்குமுறை (எண் 910), மின்னணுப் பரிமாற்றங்களில் புனைபெயரைத் தடைசெய்யக் கூடாது என்று 5ஆவது பிரிவில் சொல்கிறது. தகுதிபெற்ற மின்னொப்பச் சான்றிதழையே புனைபெயரில் வாங்கலாம். அது புனைபெயர் என்று சான்றிதழில் தெளிவாகக் குறித்திருக்கவேண்டும், ஒப்பத்தைச் சரிபார்ப்பவருக்கும் அது தெரியவேண்டும். சான்றிதழ் வழங்கும் நிறுவனம் உங்களை நேரிலோ அதற்கு நிகரான வழியிலோ சரிபார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். எதிர்த்தரப்புக்குத் தெரிவது புனைபெயர் மட்டுமே. காகிதத்தில் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இது.

நெய்தல்:
எல்லோருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பதிப்பகத்துக்குக்கூட என் சொந்தப் பெயர் தெரியக் கூடாது என்றால் வழி உண்டா? அங்கே எத்தனை பேர் அந்தக் கோப்பைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பழையகோப்பு:
அம்மா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், வருந்தவேண்டாம். ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுதான் முறை. முகம் காட்டாத ஆளோடு கையெழுத்திட எந்தப் பதிப்பாளரும் தயங்குவார்.

தூரிகை:
ஐயா, மன்னிக்கவேண்டும். தயங்குவது பதிப்பாளரின் உரிமை, சரி. ஆனால் மறைத்துக்கொள்ளும் பெண்ணிடம் கள்ளம் இருப்பதாக முதலிலேயே எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நெய்தல் எதற்காக மறைக்கிறார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அவரை நம்பிப் பேசிய பெண்களின் உயிரை அந்தத் தாளில் உள்ள ஒரு வரிக்காகப் பணயம் வைக்க முடியுமா?

பழையகோப்பு:
கள்ளம் என்று நான் சொல்லவில்லை அம்மா. நடைமுறையைச் சொன்னேன். அந்தப் பெண்களின் பாதுகாப்புதான் பெரிது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கார்முகில்:
பதிப்பாளரின் தயக்கத்துக்குக் காரணம் படிவத்திலேயே இருக்கும், பாருங்கள். 'இந்நூல் என் சொந்தப் படைப்பு, இதில் அவதூறு இல்லை, யாருடைய உரிமையையும் மீறவில்லை' என்ற உறுதிமொழி பெரும்பாலான பதிப்பு ஒப்பந்தங்களில் வரும். அது பொய்யானால் இழப்பீடு கேட்டு யாரைத் தேடிப் போவது என்பதுதான் அவர்கள் கவலை. உங்கள் நூலின் பொருளை வைத்துப் பார்த்தால் அந்தக் கவலை நியாயமானதும்கூட. அந்தப் பெண்களுக்குக் கொடுமை செய்த ஒருவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டு வழக்குப் போடலாம்.

ஆகவே கேட்பதற்கு முன்பே ஒரு வழியை நீங்களே முன்வையுங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுங்கள். 'இந்தப் புனைபெயரில் எழுதுபவரும், இந்த ஒப்பந்தத்தில் அந்தப் பெயரால் கையொப்பமிட்டவரும் நானே' என்று சொந்தப் பெயரில், அடையாளச் சான்றுடன். அது முத்திரையிட்ட உறையில் வழக்கறிஞரிடமே இருக்கட்டும். நீதிமன்ற ஆணை வந்தாலோ, ஒப்பந்தத்தில் சொன்ன நிபந்தனைகள் நேர்ந்தாலோ மட்டும் பிரிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும். பதிப்பாளருக்கு ஆள் கிடைப்பார் என்ற உறுதி, உங்களுக்கு மறைவு.

முகவரை வைத்துக் கையெழுத்திட வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் யாருக்காகக் கையெழுத்திடுகிறோம் என்று பெயர் சொல்லாத முகவர், பல நாடுகளில் தாமே பொறுப்பாளியாக நிற்க நேரும். நெருங்கிய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

அல்லி:
ராயல்டி வரும் வழியை யாரும் இன்னும் தொடவில்லை. மொழிபெயர்ப்பாளராகப் புனைபெயரில் வேலை செய்வதால் இது எனக்குப் பழகிய இடம். ஒப்பந்தத்தில் புனைபெயர் இருக்கலாம், வங்கிக் கணக்கில் இருக்க முடியாது. பெயரிலி கணக்குகளையும், கற்பனைப் பெயர் என்று வெளிப்படையாகத் தெரியும் கணக்குகளையும் வங்கிகள் வைத்திருக்கக் கூடாது என்பது, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (FATF) 10ஆவது பரிந்துரை. உலகின் பெரும்பாலான நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் எழுதிவிட்டன. வரிக் கணக்கும் அப்படியே. பதிப்பகம் உங்கள் கணக்கில் பணம் செலுத்தும் நாளில் பெயர் வெளிப்பட்டுவிடும். வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கு வழியாகவோ, இலக்கிய முகவர் வழியாகவோ பணத்தை வாங்கி, உங்கள் வரிக் கணக்கில் சொந்தப் பெயரில் சரியாகக் காட்டிவிடுங்கள். மறைவு பதிப்பகத்திடம் மட்டும் இருக்கட்டும், வரித்துறையிடம் வேண்டாம்.

இருமம்:
பதிப்புரிமைக் காலமும் மாறும். இந்தியாவில் புனைபெயர் நூலுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 95 அல்லது படைத்ததிலிருந்து 120 ஆண்டுகள், எது முதலில் முடிகிறதோ அது. அந்தக் காலத்துக்குள் ஆசிரியர் யார் என்று முறைப்படி வெளிப்பட்டால், ஆசிரியரின் ஆயுளை வைத்துக் கணக்கிடும் வழக்கமான விதிக்குத் திரும்பிவிடும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய நேர்ந்தால் சொந்தப் பெயரை எழுதாமல் விடலாம். எழுதினால் அது பொதுப் பதிவேட்டில் யார் கண்ணுக்கும் தெரியும்.

கார்முகில்:
பெர்ன் உடன்படிக்கையின் 15ஆவது பிரிவும் நெய்தலுக்கு உதவும். புனைபெயரின் பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாத நிலையில், நூலில் பெயர் அச்சிட்ட பதிப்பாளரே ஆசிரியரின் பிரதிநிதியாகக் கருதப்படுவார். உரிமையை மீறித் திருட்டுப் பதிப்புப் போடுபவர்மேல் அவரே வழக்குத் தொடரலாம். நீங்கள் நீதிமன்றத்தில் முகம் காட்டவேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. வேறு உரிமைகளை, உதாரணமாகத் திரைப்பட உரிமையை, எழுத்தில் விற்கும்போது மட்டும் உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற ஆதாரச் சங்கிலியை வாங்குபவர் கேட்பார். அப்போது அந்த உறை பயன்படும்.

நெய்தல்:
வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துப் பேசினேன். உறையைப் பற்றிச் சொன்னதும், அது நடக்கக்கூடியதுதான் என்றார். அவர் எழுதிக் கொடுத்த பிரிவு இது:

'நூலாசிரியர் இவ்வொப்பந்தத்தில் தமது புனைபெயரால் கையொப்பமிடுகிறார் என்பதையும், அது அவரது சட்டப்படியான பெயர் அன்று என்பதையும் பதிப்பாளர் அறிவார். அக்கையொப்பம் நூலாசிரியரை அவரது சட்டப்படியான பெயரில் இட்டதைப் போலவே கட்டுப்படுத்தும். நூலாசிரியரின் அடையாள உறுதிமொழி அவரது வழக்கறிஞரிடம் முத்திரையிட்டு வைக்கப்பட்டுள்ளது.'

பதிப்பகத்தார் ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்கள். அவதூறு வழக்கு அவர்கள்மேல் வந்தால் உறையைப் பிரிக்கவேண்டும் என்கிறார்கள். நான் தயங்குகிறேன்.

கார்முகில்:
முதல் வரி அருமை. புனைபெயர் என்று அவர்களுக்குத் தெரியும் என்று எழுத்தில் வந்துவிட்டால், ஏமாற்றினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருத்தத்தை அப்படியே ஏற்காதீர்கள். வழக்கு என்ற சொல் மிக அகலமானது. யார் வேண்டுமானாலும் ஒரு வழக்கைப் போட்டு உங்கள் பெயரைப் பிடுங்கிவிடலாம். 'நீதிமன்றம் ஆணையிட்டால், அல்லது இறுதித் தீர்ப்பில் இழப்பீடு விதிக்கப்பட்டு நூலாசிரியர் வழக்கறிஞர் வழியாக 60 நாள்களுக்குள் தம் பங்கைச் செலுத்தாவிட்டால்' என்று குறுக்குங்கள். அப்போதும் உறையைப் பதிப்பகத்தின் வழக்கறிஞர் மட்டுமே பார்க்கவேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

பழையகோப்பு:
அம்மா, என் பங்குக்குச் சில சொல்கிறேன். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி கையெழுத்திடுங்கள். உறைக்குள் இருக்கும் உறுதிமொழியில் சொந்தக் கையெழுத்தையும் புனைபெயர்க் கையெழுத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு வையுங்கள். பிறகு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே மாதிரி. சாட்சிகள் 'இந்தப் புனைபெயரால் அறியப்படுபவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று எழுதட்டும். உங்கள் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. உங்களை முகத்தால் தெரிந்திருந்தால் போதும்.

நெய்தல்:
60 நாள் பிரிவை ஏற்றுக்கொண்டார்கள். 'பதிப்பகத்தின் வழக்கறிஞர் மட்டும்' என்பதையும் சேர்த்துவிட்டார்கள். சாட்சிக் குறிப்பை, ஐயா, நீங்கள் எழுதிய சொற்களிலேயே என் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் கையெழுத்து.

தூரிகை:
தோழி, கையெழுத்திடும் முன் அந்தக் கட்டுரைகளின் முதல் வரைவுகளைத் தேதியோடு தனியாகப் பத்திரப்படுத்திவிடுங்கள். உறையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.